காவல் நாய்க்கு மூச்சிரைப்பு: மருந்தை உறிஞ்சச் செய்யும் முறை

தோட்டத்தில் மோட்டார் கொட்டகையையும் களத்தையும் ஆட்டுப் பட்டியையும் இரவு முழுதும் காத்து நிற்பது நாய். மாட்டுக்கு இருமல் கண்டால் அன்றே மருத்துவரிடம் ஓடும் நாம், நாய் இருமினால் "தானாகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறோம். மாதக்கணக்கில் இருமும் நாயின் மூச்சுக்குழல் நாளடைவில் தடித்து, விரிந்து, பழைய நிலைக்குத் திரும்ப முடியாதபடி கெட்டுவிடும். ஆரம்பத்திலேயே கவனித்தால் இதைத் தடுக்கலாம். மனிதரின் ஆஸ்துமாவுக்குத் தரும் இன்ஹேலர் மருந்தையே இப்போது நாய்களுக்கும் கால்நடை மருத்துவர்கள் கொடுக்கச் சொல்கிறார்கள். அதை வீட்டில் கொடுக்கும் முறையை இந்த வாரம் பார்ப்போம்.

ஒரு தோட்டத்து அனுபவம்

தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி ஒருவர் தம் நாயை என்னிடம் கொண்டுவந்தார். ஏழு வயது, ராஜபாளையம் கலப்பு. நான்கு மாதமாக இருமல். இருமி முடிக்கும்போது கழுத்தை நீட்டி, ஓங்கரித்து, சிறிது நுரை கக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது என்று எண்ணிச் சோற்று உருண்டையும் வாழைப்பழமும் விழுங்க வைத்திருக்கிறார்கள். பிறகு மருந்துக் கடையில் சொல்லி இருமல் டானிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்து ஸ்டீராய்டு மாத்திரை. மாத்திரை கொடுத்தவரை இருமல் அடங்கியது. ஆனால் நாய் ஓயாமல் தண்ணீர் குடித்தது. படுத்த இடத்திலேயே சிறுநீர் விட்டது. வயிறு பானை போலத் தொங்கியது. மாத்திரையை நிறுத்தினால் மறுபடியும் இருமல். "ஊசி போட்டு முடித்துவிடலாமா?" என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார்.

மார்பு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் செய்து பார்த்ததில் அது நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி என்று தெரிந்தது. இருதயம் நன்றாக இருந்தது. இன்ஹேலர் முறைக்கு மாற்றினோம். அவருடைய மனைவிதான் காலையும் மாலையும் மருந்து கொடுத்தார். ஆறு வாரத்தில் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த முடிந்தது. நாய் மீண்டும் களத்துக்குக் காவலுக்குப் போகிறது. இருமல் அடியோடு போய்விடவில்லை. விடியற்காலையில் இரண்டொரு முறை இருமும். அவ்வளவுதான்.

இருமல் எல்லாம் ஒன்றல்ல

நாய் இருமுவதற்குப் பல காரணங்கள் உண்டு. இன்ஹேலர் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல என்பதை முதலில் மனதில் கொள்ள வேண்டும்.

குட்டி நாய் காய்ச்சல், கண்ணில் பீளை, மூக்கில் சளி இவற்றுடன் இருமினால் டிஸ்டெம்பர் நோயாக இருக்கலாம். பொமரேனியன் போன்ற சிறு நாய்கள் வாத்து கத்துவது போல வறட்டு இருமல் இருமினால், மூச்சுக்குழாய் தளர்ந்து தட்டையாகிவிட்டது என்று சந்தேகிக்கலாம். வயதான நாய் இரவில் படுத்ததும் இருமி, சிறிது நடந்தாலே களைத்துப் போனால் இருதய வால்வுக் கோளாறாக இருக்கலாம். இதயப் புழுவாலும் இருமல் வரும். பூச்சிமருந்து உடலில் சேர்ந்த நாய்க்கும் மூச்சுத் திணறும். ஆனால் எச்சில் ஒழுகுதல், நடுக்கம், கழிச்சல் ஆகியவை கூடவே இருக்கும். அதற்கு உடனடி சிகிச்சை வேறு.

வேறு காரணம் தெரியாமல் இரண்டு மாதத்துக்கு மேல் தொடர்ந்து இருமும் நடு வயது நாய்க்கே பெரும்பாலும் நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி காண்கிறது. எந்த நோய் என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே இன்ஹேலரைத் தொட வேண்டும். இருதயம் கெட்ட நாய்க்குத் தவறாகச் சால்புட்டமால் கொடுத்தால், ஏற்கனவே திணறும் இருதயத்தை அது மேலும் வேகமாக ஓட வைக்கும்.

உறிஞ்சும் மருந்தில் என்ன நன்மை?

மாத்திரையாகக் கொடுக்கும் ஸ்டீராய்டு இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகிறது. நுரையீரலுக்கு வேண்டிய மருந்து ஈரல், சிறுநீரகம், தோல், தசை எல்லாவற்றையும் தொடுகிறது. தாகமும் பானை வயிறும் இதனால்தான். இன்ஹேலரில் வரும் மருந்து மிகச் சிறிய அளவு. மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோகிராம் கணக்கு. அது நேரே மூச்சுக்குழலில் படிகிறது. பயிருக்கு வேரில் விட வேண்டிய உரத்தை வயல் முழுதும் இறைக்காமல் வேரருகே வைப்பது போன்றது இது.

மனிதருக்கான இவ்வகை இன்ஹேலர் அமெரிக்காவில் 1956-ல் விற்பனைக்கு வந்தது. சால்புட்டமால் 1969-ல் வந்தது. நாய்க்கென்று தனி மருந்து இல்லை. மனிதருக்கான அதே புட்டிதான்.

இதில் இரு வகை உண்டு.

1. தடுப்பு மருந்து: புளூட்டிகசோன், புடசோனைட் போன்ற ஸ்டீராய்டுகள். அழற்சியைத் தணிப்பவை. தினமும் இருவேளை தவறாமல் கொடுக்க வேண்டும். முழுப் பலன் தெரிய ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். புளூட்டிகசோனில் ஒரு அழுத்தத்துக்கு 125 மைக்ரோகிராம் வரும் புட்டியை, வேளைக்கு ஒரு அழுத்தம் என்று கொடுப்பது வழக்கம். உங்கள் நாய்க்கு உரிய அளவை மருத்துவரே எழுதித் தர வேண்டும்.

2. அவசர மருந்து: சால்புட்டமால். சுருங்கிய மூச்சுக்குழலைச் சில நிமிடங்களில் விரிக்கும். திணறல் வந்தபோது மட்டும் கொடுப்பது. தினமும் கொடுத்துப் பழக்கக் கூடாது.

ஏற்கனவே மாத்திரை சாப்பிடும் நாய்க்கு இன்ஹேலர் தொடங்கிய அன்றே மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடல் தனக்கு வேண்டியதைத் தானே சுரக்க மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் நாய் சோர்ந்து விழுந்துவிடும். மருத்துவர் சொல்லும் கணக்கில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

வேண்டிய பொருட்கள்

இன்ஹேலர் புட்டி, ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் குழல், முகமூடி ஆகிய மூன்றும் வேண்டும்.

"மூச்சை இழு" என்றால் நாய்க்குப் புரியாது. புட்டியை நேரே வாயில் வைத்து அழுத்தினால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் படிந்து வீணாகும். ஸ்பேசர் குழல் மருந்துப் புகையைச் சற்று நேரம் தன்னுள் தேக்கி வைக்கிறது. பெரிய துளிகள் குழலின் சுவரில் தங்கிவிட, நுண்துளிகள் மட்டும் நாயின் சாதாரண மூச்சோடு உள்ளே போகும். வால்வு உள்ள ஸ்பேசராகப் பார்த்து வாங்குவது நல்லது. மூச்சுக்கு மூச்சு அந்த வால்வு அசைவதைக் கொண்டு எண்ணிக்கை வைத்துக்கொள்ளலாம்.

குழந்தைகளுக்கான ஸ்பேசர் மருந்துக் கடைகளில் கிடைக்கும். அதனுடன் வரும் முகமூடி பக் போன்ற தட்டை மூஞ்சி நாய்களுக்கு ஓரளவு பொருந்தும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நீள மூஞ்சி நாய்களுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு மூக்கும் வாயும் சேர்ந்து உள்ளே அடங்கும் கூம்பு வடிவ முகமூடி வேண்டும். கால்நடைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கப் பயன்படும் முகமூடி இவ்வடிவில் உள்ளது. மருத்துவரைக் கேட்டு வாங்கவும். ஓரத்தில் இடைவெளி இருந்தால் மருந்து காற்றில் போய்விடும்.

நாயைப் பழக்குதல்

புதுக் கன்றை நுகத்துக்குப் பழக்குவது போல நாயையும் முகமூடிக்குப் பழக்க வேண்டும். முதல் நாளே பிடித்து அமுக்கி மூஞ்சியில் வைத்தால், பிறகு முகமூடியைக் கண்டாலே ஓடும், கடிக்கவும் செய்யும்.

முதல் இரண்டு நாள் முகமூடியைச் சோற்றுத் தட்டருகே வெறுமனே வையுங்கள். முகர்ந்து பார்க்கட்டும். அடுத்த இரண்டு நாள் முகமூடியின் உட்புறத்தில் சிறிது தயிர் தடவி நக்க விடுங்கள். பிறகு மூக்கின் மேல் இரண்டு விநாடி வைத்து எடுத்து ஒரு துண்டு கறியோ கருவாடோ கொடுங்கள். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டிப் பத்துப் பதினைந்து விநாடிவரை கொண்டு வாருங்கள். அடுத்து ஸ்பேசரை மாட்டிப் பழக்குங்கள். புட்டி அழுத்தும்போது வரும் "உஸ்" என்ற சத்தம் பாம்புச் சீற்றம் போல் இருப்பதால் நாய் மிரளும். எனவே ஓரிரு முறை நாய்க்கு எட்டத்தில் அழுத்திக் காட்டிச் சத்தத்தைப் பழக்குங்கள். மொத்தத்தில் பத்து நாள் பொறுமை போதும். தயிர் தடவிய முகமூடியை மருந்து கொடுக்கும் முன் கழுவிக் காய வைக்க மறக்கக் கூடாது.

மருந்து கொடுக்கும் வரிசை

வேளைச் சோறு வைப்பதற்குச் சற்று முன்பு கொடுப்பது நல்லது. மருந்து முடிந்ததும் சோறு என்று தெரிந்தால் நாய் தானே வந்து உட்காரும்.

1. நாய் ஓடி வந்து இரைத்துக்கொண்டிருந்தால் அடங்கும்வரை காத்திருங்கள். நீங்கள் பக்கவாட்டில் உட்காருங்கள்; எதிரே நின்று குனியாதீர்கள்.

2. புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். புதுப் புட்டி அல்லது பல நாள் எடுக்காத புட்டி என்றால், அதனுடன் வரும் தாளில் சொன்னபடி முதலில் சில முறை வெளியே அழுத்திவிடுங்கள்.

3. புட்டியை ஸ்பேசரின் பின்புறம் பொருத்தி, முகமூடியை மூக்கும் வாயும் மூடும்படி மெதுவாக வையுங்கள்.

4. ஒரே ஒரு முறை அழுத்துங்கள். சத்தத்துக்கு மிரளும் நாயானால் அழுத்திவிட்டு உடனே முகமூடியை வைக்கலாம்.

5. ஏழு முதல் பத்து மூச்சு எண்ணும்வரை எடுக்காதீர்கள். வால்வு அசைவதையோ விலா எலும்பு ஏறி இறங்குவதையோ பார்த்து எண்ணுங்கள்.

6. இரண்டு அழுத்தம் எழுதியிருந்தால், அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி இரண்டாவதைக் கொடுங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தக் கூடாது.

7. இரு மருந்தும் ஒரே வேளையில் கொடுக்கச் சொல்லியிருந்தால் சால்புட்டமால் முதலில். ஐந்து நிமிடம் கழித்து ஸ்டீராய்டு.

8. முடிந்ததும் மூஞ்சியை ஈரத்துணியால் துடைத்துத் தண்ணீர் வையுங்கள்.

ஸ்பேசரை வாரம் ஒரு முறை சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, நிழலில் காய வையுங்கள். துணியால் தேய்த்துத் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும்.

புட்டி தீர்ந்துவிட்டதா என்று குலுக்கிப் பார்த்து அறிய முடியாது. 120 அழுத்தம் உள்ள புட்டி, நாளுக்கு இரண்டு வீதம் 60 நாள் வரும். தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரு புட்டி சில நூறு ரூபாய் விலையாகும். ஸ்பேசரும் முகமூடியும் ஒரு முறைச் செலவு.

மிக முக்கியமான எச்சரிக்கை

இன்ஹேலர் புட்டியை நாய்க்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். நாய் கடித்துப் புட்டியில் ஓட்டை விழுந்தால், நூற்றுக்கு மேற்பட்ட வேளை மருந்து ஒரே நொடியில் வாய்க்குள் பீறிடும். சால்புட்டமால் புட்டியானால் நெஞ்சு படபடக்கும். வாந்தி, நடுக்கம், தளர்ச்சி காணும். இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி உயிருக்கே ஆபத்து வரலாம். பார்க்க நன்றாக இருந்தாலும் காத்திராமல், கடித்த புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். வீட்டில் யாராவது ஆஸ்துமாவுக்கு மருந்து எடுப்பவர் இருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். புட்டியை வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்கக் கூடாது; தீர்ந்த புட்டியை நெருப்பில் போடக் கூடாது.

மருந்து மட்டும் போதாது

விறகடுப்புப் புகை, கொசுவர்த்திப் புகை, கதிரடிக்கும் தூசி, வைக்கோல் போர்த் தூசி, கோழிக் கொட்டகை நெடி ஆகிய எல்லாம் இந்த நோயைக் கிளப்பும். களத்தில் வேலை நடக்கும் நாட்களிலும் போகி, தீபாவளி நாட்களிலும் நாயைக் காற்றோட்டமான வேறு இடத்தில் கட்டுங்கள். கழுத்துப் பட்டையை நீக்கி மார்பு வார் போடுங்கள். உடல் பெருத்த நாய்க்குச் சோற்றைக் குறைத்து எடையை இறக்கினாலே இருமல் பாதி தணியும்.

வாரம் ஒரு முறை, நாய் அயர்ந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக் குறித்து வையுங்கள். 30-க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதற்கு மேல் ஏறினால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஈறும் நாக்கும் நீலம் பாய்ந்தாலோ, படுக்க முடியாமல் முழங்கையை அகட்டிக் கழுத்தை நீட்டி வாயால் மூச்சு வாங்கினாலோ, அது அவசரம். மருத்துவர் எழுதித் தந்திருந்தால் சால்புட்டமாலைக் கொடுத்துக்கொண்டே வண்டியைக் கிளப்புங்கள். வழியில் வெயில் படாமல், யாரும் சூழ்ந்து நெருக்காமல் கொண்டுபோங்கள்.

இந்த நோய் முற்றிலும் தீருவதில்லை. கட்டுக்குள் வைப்பதுதான் நம் கையில் இருக்கிறது. இருமல் நின்றுவிட்டது என்று மருந்தை நிறுத்துவதே பலரும் செய்யும் தவறு. இருவேளை ஐந்து நிமிடம் ஒதுக்கினால், ஏழு வயதில் கைவிட்டிருக்க வேண்டிய காவல்காரன் இன்னும் பல ஆண்டு உங்கள் களத்து வாசலில் படுத்திருப்பான்.