கழிவுநீரால் உயிர்பெற்ற ஏரி

ரப்பர் ஆலையில் வேலை செய்தவர்களுக்கு, ஆலையின் பின்புறத்துக் குளங்களைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. பாலை அமிலம் ஊற்றி உறைய வைத்து உருளையில் நசுக்கும்போது வெளியேறும் நீரில் சர்க்கரை, புரதம், தழைச்சத்து முதலியன கரைந்திருக்கும். ஒரு காலத்தில் அந்நீர் நேரே ஓடையில் விடப்பட்டது. ஓடை கறுத்தது, நாற்றம் லயம்வரை வீசியது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன்கீழ் 1978ஆம் ஆண்டில் ரப்பர் ஆலைகளுக்கென இயற்றப்பட்ட விதிகளும் இதற்குக் கட்டுப்பாடு விதித்தன. கழிவுநீரைக் குளம் குளமாகத் தேக்கி, நாட்கணக்கில் நிறுத்தி வைத்து, பின்னர் வெளியே விடும் முறை ஆலைகளில் பரவியது. முதற்குளம் கறுத்துக் கொப்புளம் விடும். கடைசிக் குளம் பச்சை நிறமாக இருக்கும். அதில் சில இடங்களில் மீனும் துள்ளும்.

இதே முறையைக் கொண்டு ஒரு மாநகரத்தின் ஏரியையே நீர் நிறைந்ததாக வைத்திருக்க முடியும் என்றால் நம்புவீர்களா? தமிழர்கள் பெருந்திரளாக வாழும் பெங்களூரில் அது நடந்திருக்கிறது.

பெங்களூர் மேட்டுநிலத்தில் அமைந்த நகரம். அதன் அருகே பேராறு எதுவும் இல்லை. ஆகவே முன்னோர்கள் மழைநீரைத் தேக்க ஏரிகளை வெட்டினார்கள். ஓர் ஏரி நிரம்பினால் அதன் நீர் அடுத்த ஏரிக்கு ஓடும். அது நிரம்பினால் அதற்கும் கீழுள்ள ஏரிக்கு ஓடும். நகரம் பெருகியபோது இந்த வாய்க்கால்களின் மீது வீடுகளும் சாலைகளும் எழுந்தன. மழைநீர் வரும் வழி அடைபட்டது. அதற்கு மாறாகச் சாக்கடை வரத் தொடங்கியது. குடிநீருக்காகச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீர் மேலேற்றிக் கொண்டுவரப்படுகிறது. அந்நீர் குளியலறையிலும் சமையலறையிலும் பயன்பட்டபின் எங்கே போகும்? பள்ளத்தை நோக்கித்தான் போகும். பள்ளத்தில் இருப்பவை ஏரிகளே.

பெல்லந்தூர் ஏரிக்கு நேர்ந்த கதியை உலகமே பார்த்தது. சுத்திகரிக்கப்படாத சாக்கடை அதில் கலந்து, சவர்க்காரத் தூளின் நுரை மலைபோல் எழும்பிச் சாலைவரை பறந்து வந்தது. 2015ஆம் ஆண்டிலும், 2017, 2018ஆம் ஆண்டுகளிலும் அந்த ஏரியில் தீப்பற்றிக்கொண்டது. தண்ணீரில் தீப்பிடிக்குமா என்று கேட்பவர்கள், அதன் மேல் மிதந்த கழிவையும் காய்ந்த செடியையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதே நகரின் வடபகுதியில் உள்ளது ஜக்கூர் ஏரி. அதன் பரப்பு 140 ஏக்கருக்குக் குறையாது. அங்கும் வருவது சாக்கடை நீர்தான். ஆனால் அது நேரே ஏரிக்குள் இறங்குவதில்லை. நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டரைச் சுத்திகரிக்கக்கூடிய நிலையம் ஒன்று ஏரியின் தலைப்பில் அமைக்கப்பட்டது. நிலையத்திலிருந்து வெளிவரும் நீர், சம்பும் கோரையும் அடர்ந்து வளர்ந்த ஒரு சதுப்பு நிலத்துள் மெல்ல ஊர்ந்து, அதன் பிறகே ஏரியை அடைகிறது. மழையில்லாத மாதங்களிலும் ஏரி வற்றாமல் இருந்ததற்கு இந்த நீரே காரணம். சுற்றுப்புறக் கிணறுகளில் நீர் ஊறியது. மீனவர்கள் வலை வீசினார்கள். நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்தன. ஜக்கூரில் நிரம்பி வழியும் நீர் கீழேயுள்ள ராச்சேனஹள்ளி ஏரிக்குச் செல்கிறது.

தூய்மை செய்வது யார்?

முதல் வேலையைச் செய்வன கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். காற்றுப் புகாத ஆழத்தில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று வாயுவாக மாற்றிவிடுகின்றன. ஆலைக் குளத்தில் நாம் காணும் கொப்புளம் அந்த வாயுவே. அடுத்த கட்டத்தில் வெயில் வேலை செய்கிறது. நீரின் மேற்பரப்பில் வளரும் பாசி, வெயிலைக் கொண்டு பிராணவாயுவை உண்டாக்கி நீரில் கலக்கிறது. அந்தப் பிராணவாயுவைச் சுவாசித்து, வேறுவகை நுண்ணுயிர்கள் எஞ்சிய அழுக்கைச் சிதைக்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் தங்கிவிடும். மரத்துக்கு நாம் போடும் உரத்தில் உள்ளவையும் இவையே. ஏரியில் இவை மிகுந்தால் பாசி கட்டுக்கடங்காமல் பெருகும். பாசி பகலில் பிராணவாயுவைத் தரும்; இரவில் அதுவும் சுவாசிக்கும். அதனால்தான் விடியற்காலையில், வெட்டுக்குப் போகும் நேரத்தில், கெட்டுப்போன குளத்து மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நிற்கின்றன. வெயில் ஏறியதும் சில பிழைத்துக்கொள்கின்றன, சில மிதக்கின்றன.

சம்பும் கோரையும் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். அவை அந்த உரத்தை உறிஞ்சித் தண்டாகவும் இலையாகவும் வளர்கின்றன. அவற்றின் தண்டையும் வேரையும் பற்றிக்கொண்டு கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. செடிகளுக்கிடையே நீரின் வேகம் குறைவதால் மண்டியும் கீழே படிந்துவிடுகிறது.

இது புதிய அறிவன்று. கொல்கத்தா நகரின் கிழக்கே மீனவர்கள் பல தலைமுறைகளாக நகரச் சாக்கடையை அளவோடு குளங்களில் பாய்ச்சி மீன் வளர்த்து வருகிறார்கள். பொறியாளர் துருவஜோதி கோஷ் அதன் அருமையை உலகுக்கு எடுத்துக் காட்டினார். 12,500 ஹெக்டர் பரப்புள்ள அந்தச் சதுப்புநிலம் 2002ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நம் நாட்டில் புத்ராஜெயா ஏரிக்கு வரும் நீரும் 1990களின் இறுதியில் உண்டாக்கப்பட்ட நாணல் சதுப்புகள் வழியே வடிகட்டப்படுகிறது. ஆனால் அங்கு வருவது பெரும்பாலும் மழைநீர், சாக்கடையன்று.

ஜெலாப்பாங்கில் எழுந்த கேள்விகள்

ஜெலாப்பாங்கில் இதைப்பற்றி விளக்கிக் கொண்டிருந்தபோது, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்தார். “அந்த ஏரியில் நம் பிள்ளைகள் குளிக்கலாமா ஐயா?” என்று கேட்டார். கூடாது என்பதே நேர்மையான பதில். பார்வைக்குத் தெளிந்த நீரிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். அது குளிப்பதற்கோ குடிப்பதற்கோ உரிய நீரன்று. அதில் பிடித்த மீனையும் நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்.

கிந்தா பள்ளத்தாக்கில் நிறைந்துள்ள பழைய ஈயக்குட்டைகளையும் இப்படிப் பயன்படுத்தலாமே என்று ஓர் இளைஞர் கேட்டார். எண்ணம் நல்லதுதான். எனினும் ஈய மண்ணில் ஆர்செனிக் போன்ற நச்சுப் பொருள் இருப்பதுண்டு. நுண்ணுயிர் அதைத் தின்று அழிக்காது. நாணலும் அதை முழுதாக நீக்கிவிடாது. ஆகவே நீரையும் மண்ணையும் சோதித்தறியாமல் எந்தக் குட்டையிலும் கைவைக்கக் கூடாது. தொழிற்சாலைகளின் சாயநீரும் உலோகக் கழிவும் அப்படிப்பட்டவையே. அவற்றை ஆலை வாசலிலேயே தடுக்க வேண்டும். வீட்டுக் கழிவுநீருக்கு ஏற்ற முறையை எல்லாக் கழிவுக்கும் ஏற்றது எனக் கொள்வது ஆபத்து.

பெரியவர் மறுபடியும் எழுந்தார். “அந்தக் கோரையை யார் அறுப்பது?”

அன்று எழுந்த கேள்விகளில் இதுவே சிறந்தது. சம்பு முற்றிச் சாய்ந்து நீரிலேயே அழுகினால், அது உறிஞ்சி வைத்த உரம் அத்தனையும் மீண்டும் நீருக்கே போய்ச் சேரும். அறுத்து வெளியே கொண்டுபோனால்தான் அழுக்கு வெளியேறியதாகப் பொருள். ஜக்கூரிலும் இது எளிதாக இருக்கவில்லை. சதுப்பு தூர்ந்து போனதும், மழைநீர் வாய்க்கால் வழியே சுத்திகரிக்கப்படாத சாக்கடை வந்து கலந்ததும் உண்டு. மீன்கள் செத்து மிதந்த நாள்களும் உண்டு. ஏரியின் மேல் அக்கறை கொண்ட குடிமக்கள் அமைப்பாகத் திரண்டு, நாள்தோறும் கரையில் நடந்து, நுரையையும் நாற்றத்தையும் கண்டால் அதிகாரிகளிடம் சொல்லி வந்தார்கள்.

ஆலைக் குளத்திலும் இதே கணக்குத்தான். அடியில் படியும் சேற்றை வாரி எடுக்காமல் விட்டால், ஆழம் குறைந்து, நீர் தங்கும் நாள் குறைந்து, கறுப்பு நீர் கடைசிக் குளம்வரை வந்துவிடும். பெரியவருக்கு அது தெரிந்திருந்தது. இருபது ஆண்டுகளாகச் சேறு வாரியவர்களுள் தாமும் ஒருவர் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.