மீன்காரம்மாவிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் ஆற்றோடு போனதைக் கண்ணால் பார்த்தோம். அன்றிலிருந்து மீன் வாங்கவே மனசு வரவில்லை. தெருவுக்குக் கூடையில் கொண்டுவரும் அக்கா, "இப்ப எல்லாம் சரியாயிடுச்சும்மா" என்கிறார். மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. உப்பும் மஞ்சளும் போட்டு அலசினால் ரசாயனம் போய்விடுமா? பிரசவத்துக்குப் பிறகு பால் ஊற சுறாப்புட்டு கொடுக்கலாமா? வெள்ளம் நின்ற வாசலில் கீரை போடலாமா?

- ஒரு வாசகி, மணலி புதுநகர்

பதில்: மீனில் ரசாயனம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, பிடித்த பிறகு மேலே பட்டது. மற்றொன்று, உயிரோடு இருந்தபோதே தின்ற இரையோடு சதைக்குள் சேர்ந்தது. உப்பும் மஞ்சளும் செதிலில் உள்ள அழுக்கையும் கவிச்சியையும்தான் நீக்கும். சதையில் சேர்ந்த பாதரசத்தைக் கழுவியும் போக்க முடியாது, கொதிக்க வைத்தும் போக்க முடியாது. அதனால் இந்த விஷயத்தில் சமையலறையைவிட மீன் வாங்கும் இடம்தான் முக்கியம்.

"புதுசா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "ஆத்து மீனா, கடல் மீனா?" என்றும் கேளுங்கள். மணலித் தொழிற்பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் போய்ச் சேர்ந்தது கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும்தான். அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து சாம்பல் கசிந்து படிந்ததும் அதே ஆற்றில்தான். அந்தச் சாம்பலில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் உண்டு. மேலே மிதந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது. அடிச்சேற்றில் படிந்தது தெரியாது.

சேற்றை மேயும் மடவை, நண்டு, இறால் ஆகியவை முகத்துவாரத்தில் பிடித்தவை என்றால் கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வேண்டாம். அங்கே எடுத்த மட்டி, சிப்பி யாருக்குமே வேண்டாம். எண்ணெயிலுள்ள நச்சுப் பொருட்களை மீனின் ஈரல் பெரும்பாலும் சிதைத்து வெளியேற்றிவிடும். தண்ணீரை வடிகட்டி இரை தின்னும் மட்டிக்கு அந்தத் திறன் மிகக் குறைவு.

காசிமேட்டில் விசைப்படகுகள் தொலைவில் போய்ப் பிடித்து வரும் கடல் மீனை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே வேறு கணக்கு: பெரிய மீன் சின்ன மீனைத் தின்கிறது, அதிலுள்ள பாதரசமும் கூடவே சேருகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் ஒரு தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மனிதர்களைத் தாக்கியது 1956-ல் வெளியே தெரிந்தது. அங்கே நோய் அறிகுறி இல்லாத தாய்மார்களுக்கும் மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன. நம் கடலில் அந்த அளவு பாதரசம் இருப்பதாக அர்த்தமில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு மட்டும் தனி எச்சரிக்கை ஏன் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே மருமகளுக்குச் சுறா, பெரிய வஞ்சிரம், பெரிய சூரை வேண்டாம். நெத்திலி, மத்தி, சங்கரா வாரம் இரண்டு முறை கொடுங்கள். மீனை அடியோடு நிறுத்தினால் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய நல்ல கொழுப்பு கிடைக்காமல் போகும். சுறாப்புட்டு நம் கரையோர வழக்கம்தான். ஆனால் பால் ஊறுவது குழந்தை அடிக்கடி உறிஞ்சிக் குடிப்பதால். சுறாவுக்குப் பதிலாக நெத்திலிக் குழம்பில் பூண்டைத் தாராளமாகப் போட்டால் வழக்கத்தை விட்டதாகவும் இருக்காது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது வெளியூர் மீன் ஐஸ் பெட்டியில் வெகுதூரம் பயணம் செய்து வரும். மீன் கெடாமலிருக்கச் சிலர் கலக்கும் ஃபார்மலின் ரசாயனம் பற்றிய பயம் அப்போதுதான் கூடும். 2018-ல் சென்னைச் சந்தை மீன்களிலேயே அது கண்டுபிடிக்கப்பட்டது. ஈ மொய்க்கிறதா என்று பார்ப்பது சரியான சோதனை ஆகாது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கென்றே சோதனைத் தாள் உருவாக்கியிருக்கிறது. சந்தேகம் வந்தால் மீனை வீசிவிடாமல் ஐஸில் வைத்து, தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்கு, வாங்கிய இடத்தோடு புகார் அனுப்புங்கள்.

வெள்ளம் நின்ற வாசல் மண்ணில் கீரை, முள்ளங்கி வேண்டாம். மண்ணிலுள்ள ஈயம் இலையிலும் கிழங்கிலும்தான் அதிகம் சேரும், காயில் குறைவு. கீரை ஆசையை வெளியிலிருந்து வாங்கிய மண் நிரப்பிய பையில் தீர்த்துக்கொள்ளுங்கள். இரும்பும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். அதனால் அரசு மருத்துவமனையில் மருமகளுக்குக் கொடுக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளைத் தவறவிடாதீர்கள். நச்சை வெளியேற்றும் பொடி என்று யாராவது விற்க வந்தால், அந்தப் பணத்துக்கு முட்டை வாங்குங்கள்.

ஒன்று மட்டும்: கூடைக்கார அக்காவிடம் கோபப்படாதீர்கள். ஆறு கெட்டதில் முதலில் பிழைப்பை இழந்தது அவர் குடும்பம் மாதிரியானவர்கள்தான். எது எங்கே பிடித்தது என்று அவருக்குத் தெரியும். நீங்கள் கேட்டால் சொல்வார்.