குளோன் செய்தால் எல்லாம் அப்படியே இருக்குமா?

லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று சர்வீஸ் கடைக்குப் போனால், "எஸ்எஸ்டி போட்டுடலாங்க சார், உள்ளே இருக்கிறதை அப்படியே குளோன் பண்ணிடுறோம்" என்பார்கள். நல்ல யோசனைதான். விண்டோஸை மறுபடி ஏற்றி, ஒவ்வொரு மென்பொருளாகத் தேடிப் போடும் வேலை மிச்சம். பழைய ஆட்கள் இதைக் 'கோஸ்ட் போடுவது' என்பார்கள். அந்தப் பெயரில் வந்த நார்ட்டன் மென்பொருள் 2013இல் நிறுத்தப்பட்டுவிட்டது. தைவானில் உருவான குளோன்ஸில்லா இன்று இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அந்த 'அப்படியே' என்ற சொல்லை நம்பிப் பலரும் ஏமாந்திருக்கிறார்கள்.

"சி டிரைவை முழுசாக காப்பி பண்ணி ஒட்டினால் போதும்."

போதாது. அப்படி ஒட்டிய டிஸ்கில் உங்கள் படங்களும் கடிதங்களும் இருக்கும், கணினி மட்டும் பூட் ஆகாது. இன்றைய விண்டோஸ் கணினிகளில் சி டிரைவுக்கு முன்னால், பெரும்பாலும் 100 எம்பி அளவில், ஒரு சின்னப் பார்ட்டிஷன் ஒளிந்திருக்கிறது. அதற்கு டிரைவ் எழுத்துக் கிடையாது, அதனால் கண்ணில் படாது. பவர் பட்டனை அழுத்தியதும் கணினி முதலில் போய்ப் பார்ப்பது அங்கேதான். விண்டோஸ் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு அதில் இருக்கிறது. அதோடு, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் சில ஃபைல்களைக் கையில் பிடித்து வைத்திருக்கும், சாதாரண காப்பிக்கு விடாது. குளோன் என்பது இவற்றோடு டிஸ்கின் பார்ட்டிஷன் அமைப்பையும் சேர்த்து எடுப்பது.

"புது டிஸ்க் பழையதைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும்."

பாதி உண்மை. ஒரு செக்டர்கூட விடாமல் நகலெடுக்கும் முறையில், புது டிஸ்க் ஒரு செக்டர் குறைந்தாலும் வேலை நடக்காது. எழுதப்பட்ட இடத்தை மட்டும் எடுத்து, பார்ட்டிஷனையும் சுருக்கித் தரும் மென்பொருள் என்றால், 200 ஜிபி மட்டுமே நிரம்பிய 1 டிபி டிஸ்கை 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடலாம். காசு கொடுத்துப் பெரிய டிஸ்க் வாங்குவதற்கு முன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள்.

"டிஸ்க் மாறினால் விண்டோஸ் லைசென்ஸ் போய்விடும்."

அதே கணினியில் டிஸ்க் மட்டும் மாறினால் பொதுவாகப் போகாது. லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டைப் பார்க்கிறது. கவலைப்பட வேண்டியது பிட்லாக்கர் பூட்டு. குளோன் முடிந்த டிஸ்க் முதல்முறை எழும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லையென்றால் உங்கள் டிஸ்கே உங்களுக்குத் திறக்காது. முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"குளோன் சரியாக வராவிட்டால் என்ன, பழைய டிஸ்க்தான் இருக்கிறதே!"

என்னை மிகவும் பயமுறுத்தும் நம்பிக்கை இதுதான். எங்கள் தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர், ஏழு வருடக் கல்யாணப் படங்கள் இருந்த 1 டிபி டிஸ்குக்கு ஒரு நகல் எடுக்க, அதே கம்பெனியின் புது 1 டிபி டிஸ்கோடு ஒரு கடைக்குப் போனார். நானும் உடன் இருந்தேன். திரையில் இரண்டு வரிகள், இரண்டிலும் 931.51 ஜிபி. எது மூலம், எது இலக்கு என்பதைக் கடைப் பையன் மாற்றிச் சொடுக்கிவிட்டான். செக்டர் செக்டராக, மூன்று மணி நேரம், வெற்று டிஸ்க் படங்களின் மேல் ஏறியது. ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. கடைசியில் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று பச்சை எழுத்தில் வந்தது. எழுதியது எல்லாம் பூஜ்யங்கள், மீட்க ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தப் படங்களில் இருந்த ஒரு தாத்தா சில மாதங்களில் இறந்துபோனார். படம் கேட்டு வந்த குடும்பத்துக்கு ஸ்டுடியோக்காரரால் எதுவும் கொடுக்க முடியவில்லை.

குளோன் செய்யும்போது இலக்கு டிஸ்கில் இருப்பது அழியும். அந்த மென்பொருளுக்கு எது உங்கள் வாழ்க்கை, எது வெற்றுப் பெட்டி என்று தெரியாது. டிஸ்கின் லேபிளில் சீரியல் எண் இருக்கிறது. பழைய டிஸ்கினுடைய கடைசி நான்கு எழுத்துகளைத் தாளில் எழுதி, திரையில் 'மூலம்' என்ற இடத்தில் அதே நான்கும் வருகிறதா என்று பார்த்த பிறகே தொடங்கச் சொல்லுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று. குளோன் முடிந்ததும் இரண்டு டிஸ்கையும் சேர்த்து மாட்டினால், இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடலாம். புது டிஸ்க் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் வைத்து முதலில் எழுப்பிப் பாருங்கள்.

"டிஸ்க் டிக் டிக் என்கிறது, உடனே குளோன் போட்டுக் காப்பாற்றிவிடலாம்."

உடனே செய்ய வேண்டியது கணினியை அணைப்பது. சாதாரண குளோன் மென்பொருள் கெட்டுப்போன செக்டரில் மாட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும். சாகக் கிடக்கும் டிஸ்க் அதிலேயே முடிந்துபோகலாம். சத்தம் இல்லாமல், சில செக்டர்கள் மட்டும் கெட்டிருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில்தான் அவற்றுக்குப் போகும். டிக் டிக் சத்தம் என்றால் அதுவும் வேண்டாம். தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

"குளோன் எடுத்தாச்சு, இனி பேக்கப் எதற்கு?"

குளோன் எடுத்த நாளில் கணினி எப்படி இருந்ததோ அதுதான் குளோன். அன்றைக்கே வைரஸ் இருந்திருந்தால் அதுவும் சேர்ந்து வந்திருக்கும். நேற்று எடுத்த படம் அதில் இருக்காது. குளோனைக் கணினியிலேயே மாட்டி வைத்திருந்தால், ரான்சம்வேர் வரும் நாளில் இரண்டும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும்.

லேப்டாப்பைக் கடையில் கொடுப்பதற்கு முந்தின இரவு ஒரு வேலை செய்யுங்கள். படங்கள், சான்றிதழ்கள், பிள்ளைகளின் வீடியோக்கள் இவற்றை மட்டும் வேறொரு டிரைவில் எடுத்து, திறந்து பார்த்து, அதை வீட்டு பீரோவில் வைத்துவிட்டுப் போங்கள். பழைய டிஸ்கையும் கடையில் விட்டுவராதீர்கள். கேட்டு வாங்கி, ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.