தானே நொறுங்கும் கூரைக் கண்ணாடி

மோட்டார் காரின் கூரைக் கண்ணாடி, கல் ஏதும் படாமலே வெடியோசையுடன் நொறுங்குவதுண்டு. இக்கண்ணாடி பெரும்பாலும் சுமார் 620 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ச்சி, காற்றுவீச்சால் விரைந்து குளிர்விக்கப்பெற்றதாகும். அதனால் மேற்பரப்பு அமுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் நிலைத்து விடுகின்றன. கீறலொன்று உட்பகுதியை எட்டினால் தகடு முழுவதும் ஒருங்கே சிதறும். உள்ளே சிக்கிய நிக்கல் சல்பைடுத் துகளும் இதனைச் செய்யவல்லது. சுமார் 379 டிகிரிக்கு மேல் அதற்குரிய உருவம், விரைந்து குளிர்வதால் மாற இயலாமல் நின்று, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மாறும்போது 2 முதல் 4 விழுக்காடு பருக்கிறது. மெல்போர்ன் நகரக் கட்டடமொன்றில் உடைந்த கண்ணாடிகளை ஆராய்ந்து பாலன்டைன் என்பார் 1961-இல் இதனை வெளியிட்டார்.

ஓட்டத்தில் உடைந்தால் கூரையின் உள்மறைப்பை மூடி, வண்டியை ஓரமாக நிறுத்துதல் வேண்டும். கல் பட்டதென்று பிறர் சாதிக்கலாம். உண்மையில் பல வேளைகளில் அதுவே காரணமாகவும் இருக்கும். தகடு சட்டத்திலேயே நின்றிருப்பின், பெருக்குமுன் நிழற்படம் எடுத்தல் நன்று. துகளால் உடைந்திருந்தால், தொடங்கிய இடத்தில் வண்ணத்துப்பூச்சியின் சிறகுகளை ஒத்த இரு பெரிய துண்டுகள் காணப்படும். அவற்றைக் கையுறையுடன் எடுத்துப் பாதுகாத்து, உற்பத்தியாளருக்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவிக்கலாம். மாற்றுக் கண்ணாடியும் அதே வகையாயின் இடர் முற்றும் நீங்காது. இடையே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய கண்ணாடி அவ்வண்டிக்குக் கிடைக்குமாயின், அது விரிசலுற்றாலும் துண்டுகள் பெரும்பாலும் படலத்திலேயே ஒட்டி நிற்கும்.