வைத்தியக் கலாசாலைகளில் மாதர் நிலை

கலாசாலை ஒன்றில் மாணவராய்ச் சேர்தல் வேறு. அங்கே ஆசிரிய பீடத்தில் அமர்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவோர் மாதர் முன்னேற்றத்தைச் சரிவர அளந்தறிதல் இயலாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வைத்தியக் கல்வி வரலாற்றினின்று இரண்டு உதாரணங்கள் காட்டி இதனை விளக்குவாம்.

பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையார் வைத்தியக் கலாசாலை ஒன்று நிறுவ விரும்பியும் போதிய பொருளின்றித் தயங்கி நின்றனர். அப்பொழுது மாதர் சிலர் கழகமாகக் கூடி நிதி திரட்டலாயினர். அவர்களுள் மேரி காரெட் என்னும் சீமாட்டி 1892இல் 3 இலட்சம் டாலருக்கு மேல் அளித்துக் குறையை நிரப்பினார். ஆடவரோடு ஒத்த நிலையில் பெண்களையும் சேர்த்தல் வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. 1893இல் கலாசாலை திறக்கப்பட்டபோது முதல் வகுப்பின் 18 மாணவருள் மூவர் பெண்கள்.

அங்கே 1900இல் பட்டம் பெற்றவர் பிளாரன்ஸ் சேபின். நிணநீர்க் குழாய்கள் கருவிலுள்ள இரத்த நாளங்களினின்றே கிளைத்தெழுகின்றன என்று ஆராய்ந்து காட்டிப் புகழெய்தினார். 1917இல் அக்கலாசாலையின் முதற் பெண் பேராசிரியரும் ஆயினார். ஆயினும் அவ்வாண்டு உடற்கூற்றுத் துறைத் தலைவர் காலமானபோது, அப்பதவி சேபினுக்கு வரவில்லை. முன்னர் அவரிடம் பயின்ற ஆடவர் ஒருவருக்கே சென்றது. சேர்க்கைக்கு எழுதப்பட்ட நிபந்தனை இருந்தது. பதவிக்கு அத்தகையது யாதும் இல்லை. சேபின் தம் ஆராய்ச்சியைக் கைவிட்டாரில்லை. 1925இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் அவரைத் தன் முதற் பெண் அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது.

ஹார்வர்டு சர்வகலாசாலையிலோ நிலைமை வேறுவிதமாயிருந்தது. ஈயம் முதலிய நஞ்சுகளால் தொழிலாளர் அடையும் நோய்களை ஆராய்ந்த ஆலிஸ் ஹாமில்டன் 1919இல் அங்கு உதவிப் பேராசிரியராக நியமனம் பெற்றார். ஆனால் பட்டமளிப்பு ஊர்வலத்தில் அவர் நடத்தலாகாது. ஆசிரியர் மன்றத்தினுள் புகுதலும் ஆகாது. 1935இல் ஓய்வுபெறும்வரை பதவி உயர்வு ஒன்றேனும் அவருக்கு வாய்க்கவில்லை. அங்குள்ள வைத்தியக் கலாசாலை மாணவிகளைச் சேர்த்துக்கொண்டது 1945இல்தான்.

ஓரிடத்தில் வாயில் திறந்தும் தலைமை கிட்டவில்லை; மற்றோரிடத்தில் பீடத்தின் ஓரம் கிட்டியும் வாயில் அடைபட்டிருந்தது. 2019இல் அமெரிக்க வைத்திய மாணவருள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களாயினர். அக்காலத்தும் முழுப் பேராசிரியருள் அவர்கள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினரே.

ஆகவே, எக்கலாசாலையிலேனும் மாதர் நிலையை அறிய விழைவோர் வகுப்புப் பதிவேட்டோடு நின்றுவிடாது, துறைத் தலைவர் அறையின் பெயர்ப் பலகைகளையும் ஒருமுறை நோக்குவாராக.