வளர்ப்பு நத்தைக்கு ஏற்ற நீர்

மைசூரு நகரத்துக் குழாய்களில் காவிரி, கபினி ஆறுகளின் நீர் வருகிறது. தெளிய வைத்து, வடிகட்டி, குளோரின் கலந்த பிறகே அது வீடுகளை அடைகிறது. குழந்தைகள் அச்சமின்றிப் பருகத்தக்க அந்நீரை வகுப்பறைத் தொட்டியில் நிரப்பி, குளத்து நத்தைகளையும் சிறு இறால்களையும் உடனே அதில் விட்டால், மறுநாட் காலையில் அவற்றுட் சில மடிந்து கிடக்கக் காணலாம். பிள்ளைகள் தீனியில் குறை காண்பர். ஆராய வேண்டியது நீரையே.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) குழாய்நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. நாம் அருந்தும் குளோரின் நம் குடலிலுள்ள பொருள்களோடு வினைபுரிந்து செயலிழந்துவிடுகிறது. இறாலின் நிலை வேறு. அதன் மெல்லிய செவுள்கள் இரவும் பகலும் அந்நீரிலேயே தோய்ந்திருப்பதால், குளோரின் அவற்றை நேரே அரிக்கிறது.

நீரை அகன்ற பாத்திரத்தில் திறந்தபடி ஒரு நாள், கூடுமானால் வெயிலில், வைத்திருந்தால் குளோரினில் பெரும்பகுதி அகன்றுவிடும். அம்மோனியாவுடன் சேர்ந்து குளோரமீன் ஆகியிருப்பின் இவ்வளவு எளிதில் அகலாது. அவசரமாயின், புகைப்படக்காரர் பயன்படுத்தும் ஹைப்போ உதவும். 7 கிராம் ஹைப்போப் படிகத்தை 1 லிட்டர் நீரிற் கரைத்து வைத்துக்கொண்டு, 1 மில்லிகிராம் குளோரின் உள்ள ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் அக்கரைசலில் 1 மில்லிலிட்டர் சேர்க்க வேண்டும். குளோரின் அளவை அறியக் கிராமக் குடிநீர்ப் பணியாளர்களிடமுள்ள குளோராஸ்கோப்பை ஆசிரியர்கள் இரவல் பெறலாம்.

இதே குளோரின் மற்றொரு முதுகெலும்பற்ற பிராணிக்குக் காவலாக அமைவது வியப்பே. மைசூருவில் 1961-இல் தோன்றிய மத்தியப் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தின் பணிப் பகுதிகளில், பட்டுப்புழு மனைகளை 2 சதவீத பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி நோய்க் கிருமிகளை ஒழிக்கின்றனர். குழாய்நீரினும் அது பல்லாயிரம் மடங்கு கடுமையானது. ஆயினும் மனை உலர்ந்த பிறகே புழுக்கள் உள்ளே வருகின்றன. அவை நீரில் வாழ்வனவும் அல்ல. வேண்டிய ஈரத்தை மல்பெரி இலையிலிருந்தே பெறுகின்றன.

குளோரினைவிட வஞ்சகமானது செம்பு. நத்தை, இறால் ஆகியவற்றின் குருதியில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளிலேயே செம்பு உண்டு. எனினும் நீரிற் கரைந்த செம்பு மிகினோ அவற்றைக் கொன்றுவிடும். நோய் பரப்பும் நத்தைகளை ஒழிக்க மயில்துத்தம் தூவியதும் இதனாலேயே. மேற்கூறிய தர நிர்ணயம், வேறு நீர் கிடைக்காதவிடத்து மனிதருக்கு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை செம்பை அனுமதிக்கிறது. நீர்த்தெள்ளு எனப்படும் டாஃப்னியாவோ அதில் பத்திலொரு பங்கிலேயே மடியும். ஆகவே செப்புக் குடத்து நீரும், மயில்துத்தம் கலந்த மீன் மருந்துகளும் இத்தொட்டிக்கு ஆகா. ஹைப்போ இட்டுச் செம்பைப் போக்கிவிடலாம் என நம்புதலும் தவறு.

சுத்தம் மிகுந்தால் நல்லதென்று வாலைநீரையோ சவ்வு வடிகட்டி நீரையோ மட்டும் ஊற்றுவோரும் உளர். அதில் சுண்ணாம்புச் சத்து இல்லை. நத்தையின் ஓடு நாளடைவில் அரித்துப்போகும், இறால் தோலுரிக்க இயலாது தவிக்கும். கடினமான ஆழ்குழாய்க் கிணற்று நீர் ஓட்டுக்கு நன்று. ஆனால் நிலத்தடியில் பிராணவாயு குறைவாதலால், அதனை ஓரிரு முறை உயரத்திலிருந்து ஊற்றி ஆற்றிய பின்னரே தொட்டியிலிட வேண்டும். ஒரு தடவைக்கு நாலிலொரு பங்கு நீரை மட்டும் மாற்றினாற் போதும்.

நீர் பொருந்தாதபோது குளத்து நத்தை ஓட்டுக்குள் ஒடுங்கி மூடியை இறுக அடைத்துக்கொள்ளும். இறந்ததென்று எறிந்துவிடலாகாது. கோடையில் குளம் வற்றினால் சேற்றுக்குள் மாதக்கணக்கில் இவ்வாறே கிடந்து பிழைக்கும் பிராணி அது. துர்நாற்றம் இல்லையெனில், ஆறவைத்த நீருள்ள வேறு பாத்திரத்துக்கு மாற்றி இரண்டொரு நாள் பார்க்கலாம். பெரும்பாலும் மூடி மெல்லத் திறந்து, முதலில் உணர்கொம்புகள் வெளிவரும்.