உறையின் மறுபக்கம்

நுழையும்முன்

உணவை அளவறிந்து உண்ண வேண்டும் என்பதைத் தமிழர் மருத்துவத்தின் அடிப்படையாகக் கொண்டனர். திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருந்துப் பொருள்களைப் பட்டியலிடாமல், உண்ணும் அளவையும் முறையையுமே மிகுதியாகப் பேசுகிறார். அன்று அளவு உண்பவரின் கையில் இருந்தது. இன்றோ அது உறையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கும் திறன் இக்காலத்திற்கு உரிய எழுத்தறிவாகும்.

கடைத்தெருவில் ஒரு காட்சி

தருமபுரி மாவட்டம் கடத்தூரில் நிகழ்வதாக ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். தையல் தொழிலாளி ஒருவரிடம் கொழுப்பையும் சர்க்கரையையும் குறைக்குமாறு மருத்துவர் கூறிவிட்டார். அவர் அன்றோடு மாலைநேரப் போண்டாவை விட்டுவிட்டார். மளிகைக் கடையில் ‘டயட்’ என்று எழுதப்பட்ட கேழ்வரகு பிஸ்கட் கிடைத்தது. உறையின் முன்புறத்தில் கேழ்வரகுக் கதிரின் படமும், ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’, ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்னும் சொற்களும் இருந்தன. நாள்தோறும் தேநீருடன் ஒரு பொட்டலம் தீர்ந்தது. மூன்று மாதங்கள் கழிந்தும் இரத்தப் பரிசோதனையில் கொழுப்பின் அளவு குறையவில்லை. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் உறையைத் திருப்பிப் பார்த்தாள்.

“அப்பா, ஒரு நாளைக்கு எத்தனை பிஸ்கட் சாப்பிடுறீங்க?”

“பொட்டலத்துல பத்துதானேம்மா இருக்கு. அதைப் பிரிச்சு எங்க வைக்கிறது?”

“இதுல போட்டிருக்கிற கணக்கு ரெண்டு பிஸ்கட்டுக்குத்தாம்பா.”

பரிமாறும் அளவு என்னும் கணக்கு

அவள் கண்டது என்ன? அந்தப் பொட்டலத்தின் எடை 75 கிராம். நூறு கிராமில் உள்ள கொழுப்பு 20 கிராம். அதில் நிறைவுற்ற கொழுப்பு 9 கிராம். ‘ஒருமுறை பரிமாறும் அளவு’ 15 கிராம், அதாவது இரண்டு பிஸ்கட்டுகள். இந்த அளவில் உள்ள கொழுப்பு 3 கிராம் மட்டுமே. இது ஒரு நாளுக்குரிய அளவில் 4 விழுக்காடு என்று உறை கூறுகிறது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெயர்ச்சீட்டு ஒழுங்குமுறைகள், ஒருவர் ஒரு நாளில் 2000 கிலோகலோரி ஆற்றல் பெறுவதை அடிப்படையாகக் கொண்டவை. அதன்படி ஒரு நாளுக்குரிய மொத்தக் கொழுப்பு 67 கிராம். நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம். சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராம். உப்பு 5 கிராம். இந்த விழுக்காடு ஒருமுறை பரிமாறும் அளவுக்கே கணக்கிடப்படுகிறது. அந்த அளவைப் பெரும்பாலும் உற்பத்தியாளரே வரையறுக்கிறார்.

தந்தை உண்டது முழுப் பொட்டலம். எனவே அவர் உடலில் சேர்ந்த கொழுப்பு 15 கிராம். ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி எண்ணெய்க்கு நிகரானது. அது ஒரு நாளுக்குரிய அளவில் 22 விழுக்காடு. நிறைவுற்ற கொழுப்பு 6.75 கிராம், அதாவது ஏறத்தாழ 31 விழுக்காடு. அச்சிட்ட எண் எதுவும் பொய்யன்று. ஆயினும், அந்த எண்ணைப் படித்தவர் உண்மையை அறியவில்லை.

மறைந்திருக்கும் கொழுப்பு

கேழ்வரகில் இயல்பாக உள்ள கொழுப்பு நூறு கிராமுக்கு 2 கிராமுக்கும் குறைவு. களியாகக் கிண்டும்போது அதில் எண்ணெய் சேர்ப்பதில்லை. பிஸ்கட்டுக்கு மொறுமொறுப்பும் மென்மையும் தருவது கொழுப்பே. ஆகவே, தானியத்தின் பெயர் முன்னே நிற்க, தாவர எண்ணெய் பின்னே மறைந்து வருகிறது.

உட்பொருள்கள் எடையின் இறங்கு வரிசையில் எழுதப்பட வேண்டும் என்பது விதி. முதலில் உள்ளதே மிகுதியாக உள்ளது. பெயரிலோ படத்திலோ ஒரு பொருளைச் சிறப்பித்துக் காட்டினால் அதன் விழுக்காட்டையும் குறிப்பிட வேண்டும். மகள் பார்த்த பட்டியலில் மைதா முதலிலும் பாமாயில் அதனை அடுத்தும் இருந்தன. கேழ்வரகு 12 விழுக்காடு மட்டுமே.

‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்பதும் மெய்யே. கொலஸ்ட்ரால் விலங்குவழி உணவுகளில் காணப்படுவது. தாவர எண்ணெயில் அது பொருட்படுத்தத்தக்க அளவில் இருப்பதில்லை. ஆனால், பாமாயிலில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு இரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூட்ட வல்லது. இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்லி, இருக்கும் ஒன்றைப் பற்றிப் பேசாமல் விடுவது விளம்பரத்தின் உத்தி.

எடையும் ஆற்றலும்

விழுக்காடு என்பது எதனுடைய விழுக்காடு என்று கேட்டல் வேண்டும். நீலநிற உறையில் வரும் ஆவின் பாலில் 3 விழுக்காடு கொழுப்பு உள்ளது. அதனை ‘97 விழுக்காடு கொழுப்பற்றது’ என்று எவரேனும் கூறினால் எடைக் கணக்கில் அது பிழையன்று. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தருகிறது. புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கிலோகலோரி தருகின்றன. எனவே, அப்பால் தரும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கொழுப்பிலிருந்தே வருகிறது. பால் நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. எண்ணை நிறுத்தும் இடம் மாறினால் பொருளும் மாறும் என்பதற்கே இது சான்று.

தெரிந்து தெளிவோம்

• இந்திய விதிகளின்படி, நூறு கிராம் திட உணவில் 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இல்லையெனில் ‘குறைந்த கொழுப்பு’ எனலாம், 0.5 கிராமுக்கு மேல் இல்லையெனில் ‘கொழுப்பற்றது’ எனலாம்.
• அமெரிக்காவில் ஒருமுறை பரிமாறும் அளவில் 0.5 கிராமுக்குக் குறைவாக உள்ள கொழுப்பைச் ‘சுழி’ என்று அச்சிடலாம். இதனால், முழுவதும் எண்ணெயாகவே உள்ள தெளிப்பான்களும் கால் நொடித் தெளிப்பை ஓர் அளவாகக் கொண்டு ‘கொழுப்பற்றவை’ ஆகிவிடுகின்றன.
• இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-இல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் ஓர் ஆய்வுப் பிரிவாகத் தோன்றியது. 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது.

உலகம் தேடும் வழி

சிலி நாடு 2016 முதல் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த உணவுகளின் உறையில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையை முன்புறத்திலேயே பொறிக்கச் செய்தது. இந்தியாவில் 2022-இல் நட்சத்திரக் குறியீட்டுக்கான வரைவு வெளியிடப்பட்டது. எச்சரிக்கை வேண்டுமா, நட்சத்திரம் வேண்டுமா என்பது குறித்து விவாதம் எழுந்தது. தவறான விளம்பரத்தால் பாதிக்கப்பட்டவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சட்டம் எத்துணைச் சிறந்ததாயினும் உறையைத் திருப்பும் கை நம்முடையதே. நூறு கிராமுக்குரிய எண்ணை முதலில் காண்க. பொட்டலத்தின் எடையை அடுத்துக் காண்க. நாம் உண்ணும் அளவை இறுதியில் கணக்கிடுக. இம்மூன்றும் ஒரு பெருக்கலில் முடியும்.

மகள் தன் கணிதக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெருக்கலைச் செய்து தந்தையிடம் காட்டினாள். அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போறப்ப இந்தத் தாளையும் எடுத்துட்டுப் போவோம்மா” என்றார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள மூன்று உணவுப் பொட்டலங்களின் பரிமாறும் அளவையும் வீட்டார் உண்மையில் உண்ணும் அளவையும் ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.
2. ‘மெய்யான எண்களாலும் பிறரைத் தவறாக எண்ணச் செய்ய முடியும்’ – இக்கருத்தைப் பாடப்பகுதியிலிருந்து சான்று காட்டி விளக்குக.
3. உணவு உறையின் முன்புறத்தில் இடம்பெற வேண்டிய எச்சரிக்கை வாசகம் ஒன்றைத் தமிழில் எழுதி வகுப்பில் கலந்துரையாடுக.